அடுப்பங்கரை ஸ்பிரிங்

அட்டைப்பெட்டி ஆலையின் மேஸ்திரி வந்து வாசலில் நின்றபோது ஸ்பிரிங் அக்காவால் எழுந்து போக முடியவில்லை. கம்பி பாதிச் சுற்றில் இருந்தது. மூன்று மில்லி எஃகுக் கம்பி, இரும்புத் தண்டின்மேல் இறுக்கமாக ஏறிக்கொண்டிருந்தது. எதிரே உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தவள் அவளுடைய நாத்தனார். அந்த நேரத்தில் பிடியை விட்டால் கம்பி சவுக்குபோல் திரும்பி முகத்தில் அடிக்கும். அக்காவின் தாடையில் ஒரு தழும்பு உண்டு. கம்பியை அலட்சியமாக விட்டது அந்த ஒரே முறைதான்.

"இருங்கண்ணே, இன்னும் ஏழு சுத்து," என்று உள்ளேயிருந்தே குரல் கொடுத்தாள்.

ஏழு சுற்றும் முடிந்தது. நாத்தனார் கைப்பிடியை மெல்லப் பின்னோக்கி விட, ஸ்பிரிங் தண்டின்மேல் சற்றுப் பெருத்துத் தளர்ந்தது. அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாசலுக்கு வந்தாள்.

மேஸ்திரி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "உங்க ஸ்பிரிங் ஒடஞ்சு போச்சு. மூணாம் நம்பர் மிஷின்ல வேலை பாக்கற பொண்ணுக்கு ரெண்டு விரல் போயிடுச்சு," என்றார்.

அந்த இயந்திரத்தை அக்கா பார்த்திருக்கிறாள். காலால் மிதித்தால் வெட்டுத்தலை இறங்கி அட்டையை வெட்டும். காலை எடுத்தால் ஸ்பிரிங் அதை மேலே இழுத்துக்கொள்ளும். வெட்டிய அட்டையை எடுக்கக் கை உள்ளே போகிற நேரத்தில் தலையைத் தாங்கி நிற்பது அந்த ஒரு ஸ்பிரிங்தான். ஆலையில் பன்னிரண்டு இயந்திரங்கள். ஆறு வருடமாகப் பன்னிரண்டுக்கும் அவள்தான் ஸ்பிரிங் செய்து கொடுக்கிறாள்.

மேஸ்திரி ஒரு தாளை நீட்டினார். ஆலையின் அறிவிப்புப் பலகையில் முதலாளி ஒட்டியிருந்ததன் நகல். அதில் இப்படி இருந்தது: 'அடுப்பங்கரையில் சுற்றப்பட்ட தரமற்ற ஸ்பிரிங்கினால் விபத்து நேர்ந்துள்ளது. இனி வீட்டில் தயாராகும் எந்த உதிரிப் பாகமும் வாங்கப்பட மாட்டாது.'

"அடுப்பங்கரையா?" என்றாள் நாத்தனார், தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் படித்து. "அடுப்பங்கரை அந்தப் பக்கம்ணே. நடுவுல ஒரு சுவர் இருக்குன்னு உங்க முதலாளிகிட்டச் சொல்லுங்க."

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. மேஸ்திரி போனதும் பின்னறைக்குள் போய் அலமாரியைத் திறந்தாள். ஒவ்வொரு தடவையும் பன்னிரண்டு கேட்டால் அவள் பதினைந்து செய்வாள். மூன்றில் தேதியெழுதிய அட்டையைக் கட்டி எடுத்துவைப்பாள். உடைந்த ஸ்பிரிங்கோடு சேர்த்துச் செய்த ஒன்றை எடுத்து உத்தரத்தில் மாட்டி, இரண்டு தண்ணீர்க் கேன்களைத் தொங்கவிட்டாள். ஸ்பிரிங் நீண்டது. கேன்களை எடுத்ததும் பழைய அளவுக்கே வந்தது. இருநூறு முறை இழுத்து விட்டுப் பார்த்தாள். கை ஓய்ந்ததே தவிர ஸ்பிரிங் ஓயவில்லை.

அப்படியும் மனசு ஆறவில்லை. பதினைந்தில் ஒன்று தப்பியிருக்கலாமே? ஸ்பிரிங்கைப் பதப்படுத்தும் அடுப்பில் சூடு அன்றைக்குச் சரியாக இருந்ததா? கொக்கியை வளைக்கும்போது குறடு கீறிவிட்டதா? ஒரு பெண்ணின் விரல்கள் போயிருக்கின்றன. தன்மேல் தப்பென்றால் அவள் காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்பது என்று முடிவு செய்துகொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். நாத்தனாரும் கூடவே வந்தாள்.

அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். வலது கை முழங்கை வரை கட்டுப் போட்டிருந்தது. அக்கா கட்டிலருகே நின்று, "நான்தாம்மா அந்த ஸ்பிரிங் செஞ்சவ," என்றாள்.

அந்தப் பெண் திட்டவில்லை. இடது கையால் தலையணைக்குக் கீழே துழாவி ஒரு துணி முடிச்சை எடுத்தாள். "எங்கூட வேலை செய்யறவ குப்பையிலேருந்து எடுத்துக் குடுத்தாக்கா. மேஸ்திரி அத வீசச் சொன்னாராம்."

அக்கா முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே இரண்டு துண்டுகளாக ஒரு ஸ்பிரிங். புதுப் பாத்திரம்போலப் பளபளவென்று மின்னியது.

"இது பளபளன்னு இருக்கே," என்றாள் அக்கா.

"ஆமாங்க்கா. போன மாசம் வெளியிலேருந்து பெரிய ஆளுங்க ஆலையப் பாக்க வந்தாங்க. அதுக்காக எல்லா மிஷினுக்கும் பெயின்ட் அடிச்சாங்க. ஸ்பிரிங்கயெல்லாம் கழட்டிட்டுப் போயி வெள்ளியாட்டம் ஆக்கிக் கொண்டாந்தாங்க."

அக்கா உடைந்த முனையை ஜன்னல் வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள். நீண்டு நைந்து அறுந்ததல்ல. கொக்கியின் வளைவில் கண்ணாடி உடைவதுபோலப் பட்டென்று உடைந்திருந்தது. அவளுடைய ஸ்பிரிங்குகள் சூட்டில் பழுத்து, எண்ணெயில் தோய்ந்து கறுப்பாகத்தான் ஆலைக்குப் போகும். போன வருடமே முதலாளி கேட்டார், பார்க்க அழகாக முலாம் போட்டால் என்ன என்று. அவள் படித்துப் படித்துச் சொன்னாள். 'அமிலத் தொட்டியில முக்கினா கம்பிக்குள்ள வாயு ஏறிக்கும் சார். உடனே அடுப்புல வச்சு எட்டு மணி நேரம் சுட்டாத்தான் அது வெளிய வரும். இல்லன்னா ஸ்பிரிங் பாக்க நல்லாருக்கும், உள்ள உசிர் இருக்காது. முலாம் போட்டே ஆகணும்னா எங்கிட்டக் கொண்டாங்க, நான் சுட்டுத் தரேன்.' தலையை ஆட்டினார். ஆட்டியதோடு சரி.

வந்திருந்த வருத்தமெல்லாம் அந்தக் கணத்தில் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. தன்மேல் பழி போட்டதைக்கூட அவள் அப்போது நினைக்கவில்லை. "இன்னும் பதினொண்ணு இருக்கே," என்றாள் நாத்தனாரிடம். "அந்தப் பதினோரு மிஷின்லயும் இப்ப பொண்ணுங்க உக்காந்து வேலை பாத்துட்டிருப்பாங்களே!"

இருவரும் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஆலைக்கு ஓடினார்கள். காவல்காரர் கேட்டைத் திறக்கவில்லை. உள்ளே போன் செய்துவிட்டு, "முதலாளி உங்களப் பாக்க முடியாதுன்னுட்டாரும்மா," என்றார்.

"என்னப் பாக்க வேணாம். மிஷின நிறுத்தச் சொல்லுங்க."

"அதச் சொல்ல நான் யாரும்மா?"

மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் பெண்கள் முற்றத்துக்கு வந்தார்கள். அக்கா கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். அவள் வாழ்க்கையில் தெருவில் நின்று கத்தியது அதுதான் முதல் தடவை. உடைந்த துண்டுகளைத் தூக்கிக் காட்டி, என்ன நடந்தது, ஏன் உடைந்தது, இன்னும் எத்தனை உடையும் என்று ஒன்று விடாமல் சொன்னாள். சாப்பாடு முடிந்து மணி அடித்தது. பதினோரு பேரில் ஒருவரும் இயந்திரத்துக்குத் திரும்பவில்லை. ஸ்பிரிங்கை மாற்றாமல் கையை உள்ளே விட மாட்டோம் என்று முற்றத்திலேயே உட்கார்ந்துகொண்டார்கள்.

மறுநாளே முதலாளி தொழிலாளர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தார்: தரமற்ற பொருளை விற்றதோடு நில்லாமல், ஆலை வாசலில் வந்து ஆட்களைத் தூண்டிவிடுகிறாள் ஒருத்தி.

விசாரணைக்கு ஐந்து நாள் இருந்தது. அக்கா, எடுத்துவைத்திருந்த ஸ்பிரிங் ஒன்றைக் கொண்டுபோய், ஆலைக்கு முலாம் போட்ட பட்டறையில், அதேபோல் சுடாமல் போட்டுத் தரச் சொல்லிக் கொடுத்தாள். பட்டறைக்காரர் அவளுக்குத் தெரிந்தவர்தான். "ஆலையோடது பன்னண்டு வந்துச்சும்மா. சுடணும்னு நானும் சொன்னேன். அதுக்கெல்லாம் நேரமில்ல, நாளைக்கு ஆளுங்க வராங்க, மின்னுனாப் போதும்னாரு முதலாளி," என்றார். இதை விசாரணையில் வந்து சொல்வீர்களா என்று கேட்டதற்கு, "என்ன இதுல இழுத்து விடாதீங்க, பொழப்பு இருக்கு," என்று திரும்பிக்கொண்டார். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சொல்லத்தான் ஆளில்லை.

விசாரணை அதிகாரி மேசைக்குப் பின்னாலிருந்து அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க வீட்டுக்காரர் வரலையா?"

"அவரு பஸ் ஓட்டறார் சார். பஸ்ஸப் பத்தி ஏதாவது விசாரணைன்னா கூப்பிடுங்க, வருவாரு. இது ஸ்பிரிங்கப் பத்தி. நான் வந்திருக்கேன்."

முதலாளி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "கரண்டி பிடிக்கிற கை சார். பாவம், பொம்பளைங்களாச்சேன்னு வாங்கினேன். அதுக்குத்தான் இந்தத் தண்டனை," என்றார்.

"ஆறு வருஷமாப் பாவம் பாத்தீங்களா?" என்றாள் அக்கா. "பன்னண்டு மிஷினும் ஆறு வருஷமா என் பாவத்துலயா ஓடுச்சு? நான் குடுத்தது கறுப்பு. ஒடஞ்சது வெள்ளை. யாரக் கேட்டு முக்கினீங்க?"

"அது சும்மா ஒரு பூச்சு சார். மேலாப்புல. அதுக்கும் ஒடஞ்சதுக்கும் சம்பந்தமே இல்ல."

"கம்பிக்குப் பூசினது பத்தாதுன்னு பேச்சுக்கும் பூசி மெழுகறாரு பாருங்க," என்றாள் நாத்தனார். அதிகாரி அவளை அதட்டினார். ஆனால் அவர் உதட்டோரம் லேசாகத் துடித்தது.

அக்கா பையைத் திறந்து இரண்டு ஸ்பிரிங்குகளை மேசைமேல் வைத்தாள். ஒன்று கறுப்பு, ஒன்று பளபளப்பு. இரண்டிலும் ஒரே தேதி அட்டை. "நான் சொல்றத நீங்க நம்ப வேணாம் சார். அவர் சொல்றதையும் நம்ப வேணாம். இது ரெண்டையும் தொங்க விட்டு ஒரே எடையக் கட்டுங்க. கட்டிட்டு, அப்படியே விட்டுடுங்க."

பழைய கோப்புகள் அடுக்கியிருந்த பக்கத்து அறையில், உத்தரத்தில் கொக்கிகள் இருந்தன. எடைக்கு எங்கே போவது என்று அதிகாரி யோசித்தார். பியூன் முடிந்துபோன வழக்குகளின் கட்டுகளைக் காட்டினார். தராசில் நிறுத்து, ஒவ்வொன்றிலும் முப்பத்தைந்து கிலோ கோப்பைக் கட்டினார்கள். எல்லாம் ஆலை விபத்துகள். அத்தனை கட்டை எடுத்தும் அலமாரியில் பாதிகூடக் காலியாகவில்லை.

இரண்டு ஸ்பிரிங்கும் அசையாமல் தொங்கின. அரை மணி நேரம் ஆயிற்று. ஒன்றும் ஆகவில்லை. முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்தார். "வித்தை முடிஞ்சுதா சார்?"

"மிஷின்லயும் மாட்டின அன்னைக்கே ஒடயல," என்றாள் அக்கா. "பதினேழு நாள் நின்னுச்சு. இங்கயும் நிக்கட்டும். அது வரைக்கும் அந்தப் பதினோரு மிஷினயும் ஓட்டக் கூடாதுன்னு எழுதிக் குடுங்க சார். அது போதும்." அதிகாரி எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தும் அவளுக்கு வேலை ஓடவில்லை. பளபளப்பானது உடையாமல் நின்றுவிட்டால்? பட்டறைக்காரர் பயந்துபோய் யாருக்கும் தெரியாமல் அதைச் சுட்டிருந்தால்? மூன்றாம் நாள் மதியம் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. அதிகாரியே பேசினார்.

"பட்டாசு வெடிச்ச மாதிரி சத்தம் கேட்டுச்சும்மா. ஓடிப் போய்ப் பாத்தா அறையெல்லாம் காகிதம்."

"எது சார் ஒடஞ்சது?"

"வெள்ளை. கொக்கி வளையற எடத்துல, அந்தப் பொண்ணு வச்சிருந்த துண்டு மாதிரியே. கறுப்பு அப்படியேதான் தொங்குது."

உத்தரவு வர மேலும் பத்து நாளாயிற்று. விபத்துக்கு ஆலையே பொறுப்பு, முலாம் பூசிய ஸ்பிரிங்குகள் அனைத்தும் அகற்றப்பட வேண்டும், காயமடைந்த பெண்ணுக்கு ஆலை உரிய நஷ்டஈடு தர வேண்டும். அடுப்பங்கரையைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அவளுடைய ஸ்பிரிங்கில் குறையில்லை என்றும் யாரும் எழுதவில்லை.

அடுத்த வாரம் முதலாளியே வந்தார். காரிலிருந்து இறங்கவில்லை, கண்ணாடியை மட்டும் இறக்கினார். "நடந்தது நடந்து போச்சு. எனக்கு இருபத்துநாலு ஸ்பிரிங் வேணும். கறுப்பாவே இருக்கட்டும்."

"பலகையில ஒட்டின காகிதத்தக் கிழிச்சீங்களா?"

"அதெல்லாம் எதுக்கும்மா இப்ப?"

"கிழிச்சுட்டு, எந்தத் தப்பும் எம்மேல இல்லன்னு அதே எடத்துல ஒட்டுங்க. ஒங்க கையெழுத்தோட. அந்தப் பொண்ண நேர்ல போய்ப் பாருங்க. அப்புறமா ஸ்பிரிங்கப் பத்திப் பேசலாம்."

கண்ணாடி மேலே ஏறியது. கார் போய்விட்டது. "கம்பி நீட்டிட்டாரு," என்றாள் நாத்தனார்.

நான்கு நாள் கழித்து மேஸ்திரி ஒரு காகிதத்தோடு வந்தார். முதலாளியின் கையெழுத்தோடு, பலகையில் ஒட்டியதன் நகல். 'தவறுதலாகக் குறிப்பிடப்பட்டது' என்று ஒரே வரி. அந்தப் பெண்ணைப் பார்க்கப் போனாரா என்று கேட்டாள். மேஸ்திரி தரையைப் பார்த்தார். "இல்லம்மா. போக மாட்டார்."

அவள் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட நினைத்தாள். முதலில் அந்தப் பெண்ணிடம் கேட்டுவிடலாம் என்று அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனாள். கட்டைப் பிரித்திருந்தார்கள். மூன்று விரலால் டம்ளரைப் பிடிக்கப் பழகிக்கொண்டிருந்தாள். இரண்டு முறை நழுவிற்று. அக்கா எல்லாவற்றையும் சொன்னாள்.

"செஞ்சு குடுங்கக்கா," என்றாள் அவள். "நீங்க குடுக்கலன்னா வேற எங்கயாவது கண்டத வாங்கி மாட்டுவாரு. அங்க உக்காந்திருக்கறது எங்கூட இருந்தவங்க." டம்ளரை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். "ஆனா அந்த ஆள நான் மன்னிக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

"ஒன்ன யாரு மன்னிக்கச் சொன்னது?" என்றாள் அக்கா. "நானே மன்னிக்கல."