புள்ளி வைக்க மாட்டேன்

ஒரே ஒரு முற்றுப்புள்ளி வைக்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். வைக்க மாட்டேன் என்றேன். நடந்தது இவ்வளவுதான். அதற்குள் ஊரில் ஆளுக்கொரு கதை கட்டிவிட்டார்கள். நான் கரஸ்பாண்டன்ட்டைச் செருப்பால் அடித்ததாகக்கூட அரக்கோணம் ரயிலில் பேசிக்கொண்டார்களாம். அடிக்கவில்லை. அந்த எண்ணமே வரவில்லை என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

என் பெயர் அனுசுயா. திருத்தணியில் ஒரு தனியார் பள்ளியில் ஆறு வருடமாக இங்கிலீஷ் டீச்சர். அப்பாவும் அம்மாவும் பள்ளிப்பட்டுப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்து என்னைப் படிக்க வைத்தார்கள். "இங்கிலீஷ்காரனுக்கே தப்பு திருத்துவாளாம்" என்று எங்கள் தெருவில் கேலி பேசுவார்கள். பேசட்டும், திருத்தத்தான் செய்வேன். கமாவும் புள்ளியும் எனக்கு உயிர். தினமும் பாடம் தொடங்கும் முன் குழப்பமான வாக்கியம் ஒன்றை, குறி எதுவும் இல்லாமல், போர்டில் எழுதிப் போடுவேன். பிள்ளைகள் அதைச் சரியான இடத்தில் வெட்ட வேண்டும்.

அன்று எழுதியது, அடிவாரத்தில் ஒரு லாட்ஜ் சுவரில் பார்த்த அறிவிப்பு: 'நோ ஃபீடிங் மங்கீஸ் வில் பி ஃபைன்ட்'. குரங்குக்குத் தீனி போடாதே, போட்டால் அபராதம் என்று சொல்ல வந்திருக்கிறார்கள். நடுவில் புள்ளி இல்லாததால் அபராதம் முழுக்கக் குரங்கின் தலையில் விழுந்துவிட்டது.

"கொரங்கு எப்படி மிஸ் ஃபைன் கட்டும்?" என்றாள் கயல்விழி.

"நம்ம கையிலருந்து தேங்கா மூடி புடுங்கினு போச்சே, அதுலதான்" என்றேன்.

எட்டாம் வகுப்பே சிரித்துக்கொண்டிருந்தபோது கிளார்க் பக்தவச்சலம் வாசலில் வந்து நின்றார். "டீச்சர், சார் கூப்புடறாருங்க. பேனா எடுத்துனு வரச் சொன்னாரு."

பள்ளியின் சொந்தக்காரர் குணசேகரன்தான் கரஸ்பாண்டன்ட். அவர் என்னை உட்காரச் சொன்னதே எனக்குச் சந்தேகமாக இருந்தது. ஆறு வருடத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

"உங்களால ஒரு சின்ன வேலை ஆவணும் டீச்சர். இங்கிலீஷ்ல ஒரு லெட்டர். கமா, புள்ளி எல்லாம் பாத்துக் குடுத்துடுங்க."

தாளை வாங்கினேன். அச்சடித்த நான்கு வரி. அடியில் நீல மையில் கையெழுத்து. என் தோழியும் கணக்கு டீச்சருமான துர்காவின் கையெழுத்து.

இந்த இடத்தில் எங்கள் பள்ளியின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் அன்று ஆசிரியர்கள் எல்லோரும் ஒரு வெள்ளைத் தாளின் அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். மேலே ஒரு எழுத்தும் இருக்காது. கேட்டால் "சும்மா ஃபார்மாலிட்டி" என்பார்கள். பதினான்கு பேரும் போடுவோம். நானும் போட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. வாக்கியம் முடிகிற இடத்தில் புள்ளி வை, இல்லாவிட்டால் அடுத்தவன் வந்து அதில் ஒட்டிக்கொள்வான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறவள், வாக்கியமே இல்லாத தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

துர்காவுக்கு இது ஏழாம் மாதம். போன வாரம்தான் வளைகாப்பு நடந்தது. திங்கட்கிழமை பிரசவ விடுப்புக்கு எழுதிக் கொடுத்தாள். அதற்குப் பதில் இப்போது என் கையில் இருந்தது. அவளே வேலையை விட்டு விலகுவதாக ஒரு கடிதம்.

கடிதத்தின் முக்கியமான வரி இப்படி ஓடியது: 'ஐ ஆம் செவன் மன்த்ஸ் பிரெக்னன்ட் வித் த பர்மிஷன் ஆஃப் த கரஸ்பாண்டன்ட் ஐ ஆம் ரிசைனிங்'.

ஏழு மாதக் கர்ப்பிணி என்றதும் ஒரு புள்ளி வைத்து நிறுத்தியிருந்தால், கரஸ்பாண்டன்ட்டின் அனுமதியோடு விலகுகிறேன் என்று ஆகியிருக்கும். நிறுத்தாததால், துர்கா கரஸ்பாண்டன்ட்டின் அனுமதியோடு கர்ப்பமாகியிருந்தாள்.

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அடக்க முடியவில்லை.

"சிரிக்காதீங்க டீச்சர். மோனிஷா படிச்சிட்டு நேத்துலருந்து எங்கூடப் பேசவே இல்ல" என்றார். மோனிஷா அவர் மனைவி, பள்ளியின் பொருளாளர்.

"வேற பேப்பர்ல சரியா அடிச்சுக்கலாமே சார்?"

"கையெழுத்து இதுலதான கீது."

சிரிப்பு அப்படியே நின்றுபோனது. பக்கத்து வகுப்பில் துர்கா பின்னம் நடத்திக்கொண்டிருந்தாள். அவள் போர்டில் எழுத எழுத இரண்டு கை வளையலும் குலுங்குவது இங்கே வரை கேட்டது. தன் வேலை போய்விட்டது என்று தெரியாமலே பின்னம் சொல்லித் தந்துகொண்டிருந்தாள்.

"துர்காவுக்குத் தெரியுமா சார்?"

"சாயங்காலம் சொல்லிக்கலாம். நீங்க புள்ளிய மட்டும் வைங்க. ஒரு புள்ளி. உங்களுக்கு இன்னா கஷ்டம்?"

நான் கற்ற வித்தை இதற்கா? பொய்க்குப் பொட்டு வைத்து அனுப்பவா எங்கப்பன் ஊரான் வயலில் குனிந்தான்?

"வெக்க மாட்டேன் சார்."

"இன்னா?"

"புள்ளி வெக்க மாட்டேன். துர்கா எழுதாத லெட்டருக்கு நான் எதுக்குப் புள்ளி வெக்கணும்?"

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பீரோ சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். "பக்தவச்சலம், அனுசுயா டீச்சர் பேப்பரையும் எடுத்தாப்பா. அவங்களுக்கும் சேத்து அடிச்சுடலாம்."

பயந்தேன், பொய் சொல்வானேன். அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது. அப்பா குனிந்து நிமிர்ந்து இரண்டு வருடமாகிறது. வீட்டில் மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறவள் நான் ஒருத்திதான். ஒரு புள்ளி. வைத்துவிட்டால் வகுப்புக்குப் போய்க் குரங்குக் கதையைத் தொடரலாம். பேனாவைத் திறந்தேன். வளையல் சத்தம் மறுபடி கேட்டது. பேனாவை மூடினேன்.

பக்தவச்சலம் என் தாளைக் கொண்டுவந்து துர்காவின் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். அப்போதுதான் பார்த்தேன். என் தாளின் இடது மூலையில் ஊதா மையில் பள்ளியின் முத்திரை: 'பெறப்பட்டது', கீழே ஜூன் 4. துர்காவின் தாளைப் பார்த்தேன். அதிலும் அதே மூலை, அதே முத்திரை, அதே தேதி.

பக்தவச்சலத்தைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இது அதிசயமில்லை. தன் மேசைக்கு வரும் காகிதம் எதுவானாலும் தேதி முத்திரை குத்தாமல் விடமாட்டார். கல்யாணப் பத்திரிகைக்குக் குத்துவார். தைக் கிருத்திகைக்கு நான் கொடுத்த விபூதிப் பொட்டலத்துக்கும் குத்தினார். எங்கே பார்த்தாலும் இருப்பதால் அந்த முத்திரை யார் கண்ணிலும் படுவதில்லை. மலைமேல் குடியிருப்பவர்கள் குரங்கைத் திரும்பிப் பார்ப்பார்களா?

"சார், இந்த லெட்டர துர்கா எப்ப குடுத்தாங்க?"

"நேத்துத்தான். தேதி போட்டுக்கீதே, பிப்ரவரி."

"நீங்க ஜூன் நாலாந் தேதியே வாங்கிட்டீங்களே."

குனிந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

நான் விரல் விட்டு எண்ணினேன். "ஏழாம் மாசம்னா ஜூன்ல துர்கா வயித்துல கொழந்தையே இல்ல. வராத கொழந்தைக்கு ஏழு மாசம் ஆச்சுன்னு ஜூன்லயே எழுதிக் குடுத்தாங்களா? நீங்களும் முத்திர குத்தி வாங்கி வெச்சுக்கினீங்களா? கல்வி ஆபீஸ்ல கேட்டா இன்னான்னு சொல்லுவீங்க சார்?"

"யோவ்!" என்று அவர் பக்தவச்சலத்தின் பக்கம் திரும்பினார். "இதுக்கு எதுக்குய்யா குத்தின?"

"முத்திர இல்லாம ஒரு பேப்பரும் பீரோவுக்குள்ள போவக்கூடாதுன்னு நீங்கதானங்க சொன்னீங்க."

"எல்லாத்துக்குமா?"

"ஆங். பதினாலுக்கும் குத்திக்கீறேங்க" என்றார் அவர் பெருமையாக.

குணசேகரன் துர்காவின் தாளை எடுத்து இரண்டாகக் கிழித்தார். நாலாகக் கிழித்தார். குப்பைக் கூடையில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"ரொம்ப நல்லதுங்க சார். இப்ப துர்கா ராஜினாமா பண்ணல. அவங்க லீவ் லெட்டர் மட்டுந்தான் உங்க மேசைல கீது."

எழுந்து போயிருக்கலாம். ஆனால் என் தாள் அங்கேயே கிடந்தது, அடியில் என் பெயரோடு. அதை அப்படியே விட்டுப் போக மனம் வரவில்லை. பேனாவைத் திறந்தேன். வெற்றிடத்தில் நிதானமாக எழுதினேன்:

'இந்தப் பள்ளியில், ஜூன் மாதம், எங்கள் பதினான்கு பேரிடமும் வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள். இந்தத் தாள் அவற்றுள் ஒன்று. இனி, எழுதாத தாளில் கையெழுத்துப் போட மாட்டேன்.'

கடைசிப் புள்ளியை அழுத்தி வைத்ததில் தாள் ஓட்டையாகி, பேனா மேசைக் கண்ணாடியில் இடித்தது. கீழே என் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. பள்ளி அதைப் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் இருந்தது. போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு தாளை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"உங்க பேப்பர் சார். பத்திரமா வெச்சுக்கோங்க."

இது நடந்து பதினொரு நாள் ஆகிறது. அந்தப் படம் மற்ற பதின்மூன்று பேர் போனிலும் இருக்கிறது. நேற்று துர்காவின் விடுப்பு கையெழுத்தாகி வந்தது. நான் இன்னும் வேலையில் இருக்கிறேன். அடுத்த மாதம் இருப்பேனா, தெரியாது. என்னை அனுப்ப வேண்டுமென்றால் தாராளமாக அனுப்பட்டும். கடிதத்தை அவரே எழுதட்டும், அவரே கையெழுத்துப் போடட்டும். புள்ளி வைக்க மட்டும் என்னைக் கூப்பிடக் கூடாது.