பல் டாக்டர் வேகவைத்த பஞ்சு

பல் டாக்டருக்குக் கிருமி என்றால் ஜென்மப் பகை. வீட்டுக் கதவுப்பிடியைக்கூட ஸ்பிரிட் போட்டுத் துடைக்கிற ஆசாமி. அப்பேர்ப்பட்டவரிடம் மீன்தொட்டியை ஒப்படைத்துவிட்டு மனைவி ஒரு வாரப் பயிற்சிக்கு வெளியூர் போனாள். தொட்டியிலிருந்த தங்கமீன்கள் அவள் பிள்ளை மாதிரி வளர்த்தவை.

அவள் தலை மறைந்ததும் டாக்டர் வடிகட்டியைத் திறந்தார். உள்ளே பஞ்சு பழுப்பேறிக் கொழகொழவென்று இருந்தது.

"சே! இதுலயா தண்ணி சுத்தமாகுது?"

கிளினிக்குக்குக் கொண்டுபோய், பல் பிடுங்கும் குறடுகளோடு சேர்த்து ஸ்டெரிலைசரில் வேகவைத்தார். பஞ்சு பளிச்சென்று வந்தது. டாக்டருக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து திணறின. தண்ணீரோ தெள்ளத் தெளிவு. மீன் விவரம் தெரிந்தவன் மனைவியின் தம்பி ஒருவன்தான். வண்ணமீன் கடை வைத்திருந்தான். "இந்த நாத்தத்துல மனுஷன் நிப்பானா?" என்று வாடிக்கையாளர்கள் முன்னால் டாக்டர் கேட்ட நாளிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நடுவில் கிடந்து தவித்தவள் அக்காதான்.

ஒரு மீன் பக்கவாட்டில் சாய்ந்தது. வெட்கமாவது மானமாவது என்று டாக்டர் போனை எடுத்தார்.

விஷயத்தைக் கேட்ட மச்சினன் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டான்.

"மாமா, மீன் கழிவுலேர்ந்து அம்மோனியா வரும். அது விஷம். பஞ்சுல இருக்குற ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டா மாத்தும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கிடும். அது மீனை அவ்வளவா படுத்தாது, செடி எடுத்துக்கும். நீங்க அத்தனை பேரையும் அவிச்சுட்டீங்களே!"

"திரும்ப வளராதா?"

"வாரக்கணக்காகும். மீன் தாங்காது. இருங்க, வரேன்."

கடைத்தொட்டியில் ஊறிய அழுக்குப் பஞ்சை ஈரம் காயாமல் கொண்டுவந்தான். தண்ணீரில் பாதியை மாற்றிவிட்டு, "நீங்களே வைங்க" என்று நீட்டினான்.

டாக்டர் கையுறையைத் தேடவில்லை. வெறுங்கையால் வாங்கி வடிகட்டியில் பொருத்தினார்.

"அன்னிக்கு நான் பேசினது தப்பு மச்சான்."

"விடுங்க மாமா." அவன் கண்ணைத் தொட்டியிலிருந்து எடுக்கவில்லை.

சாயங்காலம் மீன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. அந்த நேரம் பார்த்து மனைவி அழைத்தாள்.

"மீனெல்லாம் எப்படிங்க இருக்கு?"

"நல்லா இருக்கு. உன் தம்பிதான் பார்த்துக்கிறான். இங்கதான் உக்காந்திருக்கான்."

எதிர்முனையில் மூக்கை உறிஞ்சும் ஓசை. மீன் பேச்சை அவள் மறந்தே போனாள்.

"அவனைச் சாப்பிடாம அனுப்பிடாதீங்க" என்றாள்.