வலமிருந்து இடம்

கப்பல் கவிழ்ந்து யஹ்யா கடலோடு போன செய்தி மேலப்பாளையத்துக்கு வந்த மூன்றாம் நாள் காலையில், அவன் மனைவி ஷம்ஸியா பிரித்த நாளிதழின் குறுக்கெழுத்துப் புதிரில், வலமிருந்து இடம் போகும் கட்டங்கள் மட்டும் அவன் கையெழுத்தில் நிரம்பியிருந்தன. நீல மை. ஐந்து சொல், ஐந்தும் சரி. லீவில் ஊருக்கு வந்தால் இருவரும் ஒரே பேப்பரைப் பங்குபோட்டு நிரப்புவது வழக்கம். குர்ஆன் ஓதிப் பழகிய கண்ணுக்கு அந்தப் பக்கம்தான் தோது என்று அதை அவன் எடுத்துக்கொள்வான். மிச்சமெல்லாம் இவளுக்கு.

மாமனார் மீரா முகைதீன் அன்றைக்குத்தான் மருமகளை இத்தா இருக்கச் சொல்ல வந்திருந்தார். புருஷன் மவுத்தானால் நாலு மாதம் பத்து நாள் வீடடங்கி இருக்க வேண்டுமே. அவள் பேப்பரை நீட்டினாள்.

"உசுரோட இருக்கவருக்கு நான் எப்படி மாமா இத்தா இருக்க?"

நம்ம ஆட்கள் லேசில் நம்புகிறவர்களா? ஜமாத்தார் அஃப்சல் என்ற பையனைப் பாபநாசத்துக்கு அனுப்பி, அங்கனயே ஒரு பேப்பர் வாங்கிவரச் செய்தார்கள். யார் பிரித்தாலும் கட்டம் வெறுமையாகக் கிடந்தது. அவள் கைக்குப் போனதும் மை பைய ஊறி வந்தது. எழுத்து என்றைக்கு நிற்கிறதோ அன்றைக்கு இத்தா தொடங்கும் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்கள், தண்ணீர் மோட்டார் பழுதுக்கும் ஒரு நிக்காஹ்வுக்கும் நடுவில்.

அப்புறம் நாலு வருடம். மாமனார் தினமும் விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு வந்து, கட்டங்களைப் பார்த்து, டீ குடித்துவிட்டுப் போவார். தாமிரபரணி ஊருக்குள் வந்த வெள்ளத்தில் மூன்று நாள் பேப்பர் வரவில்லை. மூன்று நாளும் ஷம்ஸியாவுக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் எல்லாம் சேர்ந்து வந்தபோது எல்லாவற்றிலும் எழுதியிருந்தது. ஆனாலும் அந்தப் பயம் அவளை விடவே இல்லை.

போன ரஜபு மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கட்டங்கள் வெறுமையாக இருந்தன. மடித்து மடித்துப் பிரித்தாள். ஒன்றுமில்லை. ஊர்விட்டு ஊர் போவது, நான்கெழுத்து என்று குறிப்பு கேட்டது. அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு, அவன் எழுத்தைப் போலவே வளைத்து 'பயணம்' என்று வலமிருந்து எழுதினாள். மற்ற நாலையும் எழுதி முடிக்கவும் மாமனார் வரவும் சரியாக இருந்தது. கண்ணாடியைத் துடைத்து மாட்டி நெடுநேரம் பார்த்தார். கட்டத்தின் மேல் விரலை ஓட்டினார். விரல் நுனியில் நீலம் ஒட்டியது. அவர் விரலைக் கைலியில் துடைத்தார்.

"எழுதியிருக்காம்லா," என்றார்.

"ஆமா மாமா."

டீ குடிக்காமலே போய்விட்டார். மறுநாளிலிருந்து கடைக்குப் போய்ப் பேப்பர் வாங்கி வருவது அவர்தான். வரும்போதே அந்தக் கட்டங்கள் நிரம்பியிருக்கின்றன. ஜமாத் புத்தகத்தில் புதிதாக எதுவும் ஏறவில்லை. ஊரைப் பொறுத்தவரை யஹ்யா உயிரோடுதான் இருக்கிறான். எழுத்துதான் கொஞ்சம் கோணுகிறது, தினமும் ஒன்றிரண்டு விடை தப்பாகவும் இருக்கிறது. ஷம்ஸியா அதைத் திருத்துவதில்லை. அந்தத் தப்புக்குத் தக்கபடி தன் கட்டங்களை நிரப்பிக்கொள்கிறாள்.