வெட்டிய இடம்

மண்ணரை பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் பிரபாகர் காலையில் வெட்டிய பனியன் துணி மதியத்துக்குள் தானாக ஒட்டிக்கொண்டது. நூல் கோளாறு என்றார் முதலாளி ஆறுமுகசாமி. பழனியாண்டவருக்கு ஒரு சூடம் ஏற்றிவிட்டு மறுபடி வெட்டச் சொன்னார். மறுபடியும் ஒட்டியது. காரணம் பிரபாகருக்குத் தெரியும்.

முந்தின நாள் சர்ச்சில் வேதபாட வகுப்பெடுத்தவன் அவன். எருசலேம் கோயில் இடிந்தபோதே கிறிஸ்தவ சபை யூதர்களிடமிருந்து கத்தரித்தாற்போலப் பிரிந்துவிட்டது என்றுதான் வருஷக்கணக்காகச் சொல்லிவந்தான். தபாலில் இறையியல் படிக்கப்போன இடத்தில் அது ஆட்டங்கண்டது. தாயைவிட்டு மகள் பிரிந்த கதை என்று முன்பு எழுதிய அறிஞர்கள், பிற்பாடு ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்றார்கள். இப்போதோ, முந்நூறு வருஷம் கழித்தும் யூதர்களின் ஜெப ஆலயத்துக்கும் கிறிஸ்தவ சபைக்கும் சேர்ந்தே போய்வந்தவர்கள் உண்டு, வெட்டிய இடம் இதுதான் என்று காட்ட முடியாது என்கிறார்கள். படித்தவன் சும்மா இருந்திருக்கலாம். வகுப்பில் அப்படியே சொல்லிவைத்தான்.

"சொன்னதை வாபஸ் வாங்கிக்க கண்ணு," என்றார் சபை மூப்பர் அய்யாசாமி. "இல்லீன்னா உம்பட பாப்பாவுக்கு ஞானஸ்நானம் கெடையாது."

பயந்துபோன பிரபாகர் அடுத்த ஞாயிறு எழுந்து நின்று, ஒரே நாளில் ஒரே வெட்டு என்றான். திங்கட்கிழமை துணி ஒழுங்காக வெட்டுப்பட்டது. நிம்மதியாக வீட்டுக்குப் போனால், அங்கே தைத்ததெல்லாம் பிரிந்துகிடந்தது. தலையணை உறை, மனைவி அன்புசெல்வியின் ரவிக்கை, குழந்தையின் கவுன்.

"ஏனுங்க, பாப்பாவைப் பாருங்க," என்றாள் அன்புசெல்வி.

குழந்தையின் நெற்றியிலிருந்து தொப்புள்வரை, நட்டநடுவே, வெட்டுவதற்கு மார்க் போடுகிற சாக்பீஸ் கோடு. துடைத்தால் போகவில்லை. அந்தக் கோட்டில் அடுத்து என்ன இறங்கும் என்பது அவனைவிட யாருக்குத் தெரியும்? குழந்தையை அள்ளிக்கொண்டு ராயபுரத்துக்கு, அய்யாசாமி வீட்டுக்கு ஓடினான்.

"வெட்டின எடம் எனக்குத் தெரியலீங்க. பயந்துட்டுப் பொய் சொன்னேனுங்க," என்று அழுதான்.

மூப்பர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடு மங்கி மறைந்தது. ஞானஸ்நானத்தைத் தடுப்பது பற்றி அவர் அதற்கப்புறம் மூச்சுவிடவில்லை. அடுத்த மாதம் பாப்பாவுக்கு ஜெயசுதா என்று பெயர் வைத்தார்கள்.

துணி மறுநாளே பழையபடி ஒட்ட ஆரம்பித்தது. ஆறுமுகசாமி பிரபாகரைத் துணி விரிக்கிற வேலைக்கு மாற்றிவிட்டு, நிட்டிங் மெஷினிலிருந்து குழாயாக இறங்கும் துணியிலேயே பக்கத்தையல் இல்லாத பனியன் போடுகிறார், நன்றாகப் போகிறது. பிரபாகர் தினமும் காலையில் ஜெயசுதாவின் கவுனைத் தூக்கி வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் கம்பெனி வேன் ஏறுகிறான்.