எட்டிப் பார்க்காத தொரை

ஆம்பூர் தோல் பதனிடும் ஷெட்டில் சுண்ணாம்புக் குழியில் நின்று நின்றே காலைப் புண்ணாக்கிக் கொண்டவன் தனகோடி. மூச்சிளைப்புக்கு ஒரு கம்பவுண்டர் கொடுத்த சின்ன வெள்ளை மாத்திரையை நாலு வருஷமாய் முழுங்கினான். இளைப்பு அடங்கியது, முகம் பூரியாய் உப்பியது.

எண்பத்துமூணாம் வருஷம் புண் வீங்கி, காய்ச்சல் விடாமல் அடித்து, வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் படுத்தான்.

"அந்த மாத்திரை உங்க உடம்போட எதிர்ப்பையே தின்னுடுச்சு," என்றார் டாக்டர். தோல் வேலை என்றதும் ஆட்டுத்தோலிலிருந்து தொற்றும் அடைப்பான் நோயா என்று பார்த்தார்கள். அது இல்லை. போட்ட ஊசி எதுவும் கேட்கவுமில்லை.

"நாய், பூனை ஏதாவது கடிச்சுதா?"

"இல்ல."

பொய்யில்லை. அதற்குமேல் வாயைத் திறந்தால் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போடுவான்கள், முனிசிபாலிட்டி நாய் வண்டிக்கும் ஆள் அனுப்புவான்கள். இவன்களை எவன் நம்புவான்?

சாயந்திரமானால் மற்றக் கட்டில்களுக்கெல்லாம் தூக்குச்சட்டி வரும். தனகோடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வான்.

கட்டு மாற்ற வந்த சிஸ்டர் ஜெயசீலி கேட்டாள், "வீட்ல யாரு தாத்தா இருக்காங்க?"

"நானும் தொரையும்."

"பையனா? ஒருநாள் கூட எட்டிப் பாக்கலியே. இன்னா பையன் போங்க. அங்க புண்ணை யாரு கழுவினது?"

"இன்னாத்துக்குக் கழுவணும்? தொரை வந்து சுத்தம் பண்ணிட்டுப் போவும்."

ஜெயசீலியின் கத்திரிக்கோல் நின்றது. வளர்ந்த பையன் என்றால் 'போவான்' என்றல்லவா சொல்வார்? 'போவும்' என்கிறாரே.

"தொரைக்கு எத்தினி காலு தாத்தா?"

தனகோடி வாசல்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "நாலு. கடிக்காதும்மா. நக்கும், அவ்ளோதான். வண்டிக்காரன்கிட்ட சொல்லிடாத."

ஜெயசீலி டாக்டரிடம் மட்டும் சொன்னாள். லேபில் மறுபடி பார்த்தார்கள். நாய் வாயில் குடியிருக்கும் கிருமி. நல்ல உடம்பென்றால் பெரும்பாலும் விரட்டிவிடும், இவன் உடம்பு இடம் கொடுத்துவிட்டது. பெனிசிலின் போட்டதில் மூணாம் நாள் காய்ச்சல் இறங்கியது.

"நாயை யாரும் பிடிக்க மாட்டாங்க," என்றார் டாக்டர். "ஆனா அதோட நாக்கு இனிமே உங்க மேல படவே கூடாது. பட்டா அடுத்த தரம் பிழைக்கிறது கஷ்டம்."

ஊருக்கு வந்து இறங்கியதும் தெருமுனையிலிருந்து தொரை ஓடி வந்தது. விலா எலும்பு தெரிந்தது. நேரே காலில் போட்டிருந்த கட்டின் மேல் மூக்கை வைத்தது. கைத்தடியால் தள்ளினான். விளையாட்டென்று நினைத்து வாலை ஆட்டிக்கொண்டு திரும்ப வந்தது.

அடித்தான். பதினோரு வருஷத்தில் முதல் அடி.

கத்தவில்லை. எதிர்ச்சாரியில் போய் உட்கார்ந்து அவனையே பார்த்தது. தனகோடி வேட்டிக்குள் காலை இழுத்து மூடிக்கொண்டு, அது வேறு பக்கம் திரும்பட்டும் என்று நின்றான். அது திரும்பவில்லை.