வேற இரும்பு ஏதும் இருக்கோ?

என் கோபம் அம்மாவிடமிருந்து வந்த சொத்து. அன்று ஸ்கான் அறை வாசலில் இருவரும் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு இருந்தோம். எண்ணெய் பூசினால் போகிற நோவுக்கு உரும்பிராயிலிருந்து இழுத்து வந்துவிட்டேனாம்.

பல வருடங்களுக்கு முன் அம்மாவுக்கு இடுப்பில் உலோக மூட்டு வைத்திருந்தார்கள். இப்போது அந்த இடுப்படியில் வீக்கம். உலோகம் உரசி உரசி, அதன் தூள் சுற்றியுள்ள தசையைத் தின்னத் தொடங்கியிருக்கலாம் என்று டொக்டர் சொன்னார். எவ்வளவு கெட்டிருக்கிறதென்று எம்.ஆர்.ஐ எடுத்தால்தான் தெரியும். பிந்தினால் நடையே போய்விடும். அந்த இடுப்பு மூட்டை ஸ்கான் மெசினின் காந்தம் அசைக்காது, பயமில்லை என்றும் சொல்லியிருந்தார்.

ஸ்கான் எடுக்கும் கொலின்ஸ் கேட்டார்.

"இடுப்பைத் தவிர உடம்பில வேற இரும்பு ஏதும் இருக்கோ அம்மா? செல் துண்டு?"

"இல்லைத் தம்பி."

போரில் எறிகணைகள் விழுந்த எங்கள் பக்கத்தில் இது கட்டாயக் கேள்வி. துண்டு இருந்தால் காந்தம் அதை உடம்புக்குள்ளேயே இழுத்து நகர்த்திவிடும்.

உடுப்பு மாற்றும் அறையில், அம்மாவின் ஸ்கான் அங்கியின் பின்பக்க நாடாவை முடிச்சுப் போடும்போதுதான் கண்டேன். முள்ளந்தண்டை ஒட்டி ஒரு தழும்பு. தொட்டேன். உள்ளே கடினமாக ஏதோ தட்டுப்பட்டது.

"இது என்னம்மா?"

"முந்தி ஆணி கிழிச்சது. கெதியா முடி."

"உள்ளுக்கை துண்டு கிடக்குது! ஏன் இல்லையெண்டு சொன்னனீங்கள்?"

"கத்தாதை ஆரணி." அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "அண்டைக்கு அண்ணையோடை போகேக்கை ஆமிச் சென்றியில மறிச்சவங்கள். நான்தான் வாய் திறந்தனான். ஐயா, எனக்கும் மகனுக்கும் ஒரே செல்லில காயமெண்டு. பாவம் பாத்து விடுவாங்களெண்டு நினைச்சன். அவன்ரை சேட்டைத் தூக்கிக் காயத்தைப் பாத்தாங்கள். அதோடை சரி. பிறகு ஆர் கேட்டாலும் இல்லையெண்டுதான் சொல்லுறன்."

ஜெயரூபன் அண்ணை. தழும்புள்ள இளைஞன் என்றாலே இயக்கப் போராளி என்று முடிவுகட்டிய காலம் அது. ஆமி பிடித்தது, திரும்பி வரவில்லை என்பதுதான் எனக்குத் தெரியும். காயத்தைச் சொன்னது அம்மா என்று எவருக்கும் தெரியாது. இத்தனை வருடமும் இதை எப்படித் தாங்கினார்?

"அம்மா, இவர் ஆமி இல்லை. சொல்லாமல் உள்ளுக்கை போனால் துண்டு நகர்ந்து நீங்கள் எழும்பவே மாட்டியள்."

"வேண்டாம் பிள்ளை." என் கையை இறுக்கிப் பிடித்தார். நான் கதவைத் திறந்து கொலின்ஸிடம் சொல்லிவிட்டேன்.

இன்று ஸ்கான் இல்லை, முதலில் முதுகை எக்ஸ்ரே எடுத்துப் பெரிய டொக்டரிடம் காட்டவேண்டும் என்றார் அவர். பிறகு பேனையை எடுத்துக்கொண்டு தன்மையாகத்தான் கேட்டார்.

"எந்த இடத்தில காயம் அம்மா?"

அம்மா எழும்பினார். ஏலாத காலில் பாரத்தைப் போட்டு நின்று, என்னை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"எனக்கு மட்டும்தான் காயம் ஐயா. இவளுக்கு உடம்பில ஒண்டும் இல்லை. இவளைப் போக விடுங்கோ."