கந்தவேல் சொன்ன நாலு லட்சம்

ஜெராக்ஸ் இயந்திரத்தின் பச்சை வெளிச்சம் தாளுக்கு அடியில் ஓடி முடித்தபோதுதான் கயல்விழி அந்த எண்ணைப் பார்த்தாள். குடும்பத்தின் ஆண்டு வருமானம்: நான்கு லட்சம் ரூபாய். கீழே கிராம நிர்வாக அலுவலர் சபரிநாதனின் கையெழுத்தும் முத்திரையும். காலையில் அப்பா கந்தவேல் அந்தத் தாளை நாலாக மடித்து, அவள் முகத்தைப் பார்க்காமல் கையில் திணித்ததற்குக் காரணம் இப்போது விளங்கியது.

சேந்தமங்கலம் கடைவீதியின் அந்த ஜெராக்ஸ் கடையில் மூன்று வருடமாக ஊரார் விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்பவள் அவள். அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டை வாங்க வருமானம் ஒரு லட்சத்து இருபதாயிரத்தைத் தாண்டக் கூடாது என்பது தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். கோழிப்பண்ணையில் முட்டை லோடு ஏற்றும் அப்பா நாலு லட்சத்தைக் கனவில்கூடக் கண்டவரில்லை.

அம்மா பெரியநாயகிக்கு இதய வால்வு சுருங்கியிருந்தது. குழாயடியிலிருந்து ஒரு குடம் தண்ணீர் வீடு சேர்வதற்குள் மூன்று இடத்தில் உட்கார்ந்தாள். சேலத்து மருத்துவமனையில் திங்கட்கிழமை படுக்கை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அட்டை இருந்தால் செலவில்லை. இல்லாவிட்டால் வீட்டை விற்றாலும் பாதிக்குக் காணாது. அந்தத் தேதியை விட்டால் இன்னும் இரண்டு மாதம். அத்தனை நாள் தள்ளக்கூடாது என்று மருத்துவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். இன்று வெள்ளிக்கிழமை. நாமக்கல் கலெக்டர் ஆபீசில் அட்டை எடுக்கும் அறையை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள்.

கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்தாள். வீட்டில் அப்பா சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

“இதென்னப்பா நாலு லட்சம்?”

அவர் நிமிரவில்லை. “புதன்கெழமை அவிங்க வந்திருந்தாங்கல்ல, சாமி.”

புதன்கிழமை அன்பரசு வீட்டார் கயல்விழியைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். கேசரித் தட்டு கைமாறிக்கொண்டிருந்த நேரத்தில் சபரிநாதன் வண்டியை நிறுத்தி உள்ளே வந்து, படிவத்தைப் பிரித்து, பத்துப் பேர் காதில் விழும்படி, “வருசத்துக்கு என்னங்க வரும்?” என்று கேட்டார். சம்பந்தியாகப் போகிறவரை எதிரில் வைத்துக்கொண்டு எந்தத் தகப்பன் உள்ளதைச் சொல்வான்? கந்தவேல் மீசையைத் தடவியபடி நாலு லட்சம் என்றார். சபரிநாதனும் அப்படியே எழுதிக்கொண்டு போனார்.

“போயி மாத்திச் சொல்லுங்க.”

“எப்படிக் கண்ணு? அந்தாளும் மாப்பிள்ளையோட பெரியப்பனும் ஒண்ணாப் படிச்சவங்க. பொழுது சாயறதுக்குள்ள சேதி போயிரும். கல்யாணம் நின்னுபோகும்.”

“நின்னா நிக்கட்டும்.”

“நீ சொல்லிப்போடுவ. நாளைக்கு ஊருக்குள்ள நாந்தான நடக்கோணும்.”

கட்டிலிலிருந்து பெரியநாயகி கேட்டாள்: “ஏனுங்க, நான் நடக்க வேண்டாமுங்களா?”

கந்தவேல் பிசைந்த சோற்றையே திரும்பப் பிசைந்தார். கயல்விழி வெளியே வந்து கைபேசியை எடுத்தாள். அன்பரசுவிடம் இரண்டு தடவைதான் பேசியிருக்கிறாள். இரண்டு தடவையும் சாப்பிட்டீங்களா என்பதைத் தாண்டிப் பேச்சு போகவில்லை. எதிரே கொல்லிமலை கழுவி வைத்ததுபோல் நீலமாக நின்றது. அதன் எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக் இல்லாமல் இறங்குவதுபோல் நெஞ்சு அடித்துக்கொண்டது.

“எங்கப்பா சொன்ன நாலு லட்சம் பொய்யிங்க. நாங்க கூலிக்காரங்க. அம்மா ஆப்பரேசனுக்காக அதை மாத்தி எழுதப் போறோம். அடுத்தவங்க சொல்லி நீங்க கேக்க வேண்டாம்னு நானே சொல்றேன்.”

மறுமுனையில் சுத்தியல் சத்தம். அப்புறம், அடக்கப் பார்த்து முடியாமல் போன ஒரு சிரிப்பு.

“எங்கப்பா சொந்தமா ரெண்டு ரிக் வண்டி இருக்குதுன்னு சொன்னாருல்லங்க?”

“ஆமாங்க.”

“போர் போடற அந்த வண்டியில நான் டிரைவருங்க. ஒண்ணு முதலாளியோடது, இன்னொண்ணு அவரு தம்பியோடது.”

கயல்விழி வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனாலும் சிரிப்பு விரலிடுக்கில் வழிந்தது.

“அட்டையை விட்றாதீங்க. திருச்செங்கோட்டுப் பட்டறையிலதான் இருக்கறேன். நேரா கலெக்டர் ஆபீசுக்கு வாரேன். அத்தையைப் படியேத்த ஆள் வேணுமில்லைங்களா?”

அவள் உள்ளே போய் அப்படியே சொன்னாள். கந்தவேலின் கை தட்டில் நின்றது.

“எம்முன்னால உக்காந்து என்ற கேசரியைத் தின்னுபோட்டு ரெண்டு வண்டின்னானா அந்த மனுசன்?” அவர் கையைக் கழுவிவிட்டுச் சட்டையை மாட்டினார். அத்தனை கோபத்திலும் முகம் தெளிந்திருந்தது. “வா சாமி, போலாம்.”

சபரிநாதன் தன் அலுவலகத்தில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். “முட்டை லோடு ஏத்தி நாலு லட்சம் வருதுன்னா நானும் இந்த வேலையை விட்டுட்டு வந்திரலாம்னு இருந்தேனுங்க. நீங்க சொல்றதைத்தான நான் எழுத முடியும்.” உள்ளதைக் கைப்பட எழுதித் தரச் சொன்னார். பக்கத்து வீட்டார் இருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். புதிய தாளில் முத்திரை விழுந்தபோது மணி இரண்டேமுக்கால்.

அம்மாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்கள். வழியெல்லாம் முட்டை லாரிகள். முட்டை உடையக்கூடாதென்று அவை ஆமைபோல் நகர, ஆட்டோக்காரர் ஆரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை. நாலு இருபதுக்கு கலெக்டர் ஆபீஸ் வாசல். அன்பரசு கையில் கிரீஸோடு நின்றிருந்தான். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி; எங்கிருந்து எடுத்தான் என்று யாரும் கேட்கவில்லை. பெரியநாயகியை அதில் உட்காரவைத்து மாமனும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு பக்கம் தூக்கினார்கள். கயல்விழி முன்னால் ஓடி வரிசையில் இடம் பிடித்தாள்.

“சிரிக்காதீங்கம்மா, நேராப் பாருங்க,” என்றார் கேமராவுக்குப் பின்னாலிருந்த பணியாளர். பெரியநாயகியால் முடியவில்லை. மூன்றாவது படம்தான் தேறியது.

நாலு ஐம்பதுக்கு அட்டை எண் வந்தது. கயல்விழி அதை மருத்துவமனைக்குத் தொலைபேசியில் ஒவ்வொரு இலக்கமாக வாசித்தாள். அங்கிருந்தவர் திருப்பி வாசித்துச் சரிபார்த்தார். “பதிஞ்சாச்சு. திங்கக்கெழமை காலையில வெறும் வயித்தோட கூட்டிட்டு வாங்க.”

அவள் அதை அம்மாவிடம் சொன்னாள். பெரியநாயகி கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு கணவனைப் பார்த்தாள்.

“அப்ப ஞாயித்துக்கெழமையே ஒரு கோழி அடிச்சுப்போடலாமுங்க. மாப்பிள்ளையும் சாப்பிட வரட்டும்.”